ஏரிக்கரைத் திருப்பத்தில் ஒரு தகரச் சத்தம்

கடற்கரையில் பனிமூட்டம் நிற்பதில்லை. அணுபுரம் குடியிருப்பின் வாசலில் டாக்சி ஓட்ட ஆரம்பித்த முதல் மார்கழியிலேயே இதைக் கவனித்தேன். மாமல்லபுரம் பக்கம் விடியற்காலையில் சவாரி போனால் பனி வரும், மெலிந்து கிழியும், போய்விடும். திருக்கழுக்குன்றம் மலையைத் தாண்டி உள்ளே போனால்தான் அது காலை மடித்து உட்காரும். செங்கல்பட்டு ஏரிப் பக்கம் கொஞ்சம், பாலாற்றுப் பாலத்தில் கொஞ்சம், மதுராந்தகம் ஏரியை நெருங்கினால் சுவர் கட்டியது போல முழுதாக நிற்கும்.

ஏன் அப்படி என்று பல பேரிடம் கேட்டிருக்கிறேன். பொதுவாக நான் யாரிடமும் எதுவும் கேட்கிற ஆள் இல்லை. கூச்ச சுபாவம். பத்தாவதோடு படிப்பு முடிந்தது, வகுப்பிலும் கை தூக்கியதில்லை. ஆனால் பனியைப் பற்றி மட்டும் கேட்டுவிடுவேன். லாரிக்காரர் ஒருவர், ஏரி மூச்சு விடுகிறது என்றார். மீன் பிடிக்கிறவர் ஒருவர், கடலுக்கு உப்பு இருக்கிறது, உப்பு இருக்கிற இடத்தில் பனி உறையாது என்றார். இரண்டும் சரியாகத்தான் இருக்கும் போலத் தோன்றியது. இரண்டையும் நம்பினேன்.

ஓட்டுகிற விதம் தானாகப் பழகியது. முகப்பு விளக்கில் மஞ்சள் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்வேன். விளக்கைத் தாழ்த்தி வைப்பேன். கண்ணாடியின் உள்பக்கம் மூச்சுப் படியாமல் இருக்க ஜன்னலை இறக்கிவிடுவேன். ஜன்னல் இறங்கியிருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. வெளியே இருப்பது காதில் விழும். புளியமரம் ஒன்றைக் கடக்கும்போது நம்முடைய என்ஜின் சத்தமே ஒரு கணம் திரும்பி வந்து அடிக்கும். வெட்டவெளி என்றால் சத்தம் போனது போனதுதான். கண் மூடினால் காது அகலமாகிறது என்பதைப் பனியில்தான் தெரிந்துகொண்டேன்.

இவ்வளவும் செய்வேன், ஒன்று மட்டும் செய்யமாட்டேன். ஹாரன் அடிக்கமாட்டேன். யாரையாவது பேர் சொல்லிக் கத்திக் கூப்பிடுவது போல அது எனக்குக் கூச்சமாக இருக்கும். முன்னால் மாடு நின்றால் அது நகரும் வரை நிற்பேன். ஸ்டாண்டில் இதை வைத்து என்னை ஓட்டித் தள்ளுவார்கள்.

"அண்ணாத்த வண்டில ஆரன்னா அது சாமி படம் மாரி மச்சான். காலைல தொட்டுக் கும்புட மட்டுந்தான்."

"இல்லடா, அவுரு மாட்டுக்கு லெட்டர் போட்டு பதில் வந்தப்பறம்தான் வண்டிய எடுப்பாரு."

நானும் சிரித்துக்கொள்வேன். சிரித்தால் பேச வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு வருடம் போகிப் பண்டிகை திங்கட்கிழமையில் வந்தது. குடியிருப்பில் இருந்த ஒரு திருநெல்வேலிக் குடும்பம் அன்று விடியற்காலைக்கு என் அம்பாசடரைச் சொல்லியிருந்தது. சாருக்குக் கடலோர அணுமின் ஆலையில் கருவிகளைப் பார்த்து அளவு குறிக்கும் வேலை. அவரும் அவர் மனைவியும் மட்டும். ஒரே மகளை ஆவணியில் மதுராந்தகம் ஏரிக்கு அந்தப்பக்கம் ஒரு ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளையும் இதே ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர்தான், பயிற்சிக்காகத் தீபாவளியோடு பம்பாய்க்கு அனுப்பிவிட்டார்கள். பெண் மாமனார் மாமியாரோடு இருந்தாள். இது அவளுக்குத் தலைப்பொங்கல். சீர் கொண்டுபோகிற பயணம் அது.

பித்தளைப் பானையும் அரிசியும் வெல்லமும் மஞ்சள் கொத்தும் பின் சீட்டில் சாரின் மனைவிக்குப் பக்கத்தில். கரும்புக் கட்டு கேரியரில். வண்டியை எடுப்பதற்கு முன்பே அந்த அம்மா என்னிடம் சொல்லிவிட்டார்.

"தம்பி, இன்னைக்கு ஏழரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்ன சீரு வீட்டுக்குள்ள போயிரணும், பாத்துக்கிடுங்க. பிந்திப் போனா அவ மாமியாரு நம்மள ஒண்ணும் சொல்ல மாட்டா. நாம திரும்பி வந்த பொறவு பிள்ளையத்தான் சொல்லுவா."

"கல்யாணத்தன்னைக்கு ஒரு நாள் பாத்த பொம்பளைய வச்சு நீயே கதை கட்டுத," என்றார் சார்.

"ஒரு நாள் போதாதா? பந்தியில அத்தன பேரு முன்னால 'இன்னா, பொண்ணுக்கு வாயே இல்லியா'ன்னு கேட்டாளே. அந்தத் தொண்டையும் அவளும்."

சார் என் பக்கம் பார்த்து உதட்டை மடித்துக்கொண்டார். எங்கள் பக்கத்துப் பேச்சே அப்படித்தான் அம்மா, அதில் கோபம் ஒன்றும் இல்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

அம்மாவின் கவலைக்கு ராகுகாலம் ஒரு மேல்துணி மாதிரிதான். உள்ளே இருந்தது வேறு. வாரம் ஒரு தரம் பெண் பெட்டிக்கடையில் இருந்து போன் செய்வாளாம். பக்கத்தில் மாமியார் நிற்பாளாம். "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு கிளி மாதிரி சொல்லுதா தம்பி. அது என் பிள்ள குரலே இல்ல. அவ வீட்ல பேசுனா மூணு வீடு கேக்கும்." மகள் அங்கே எப்படி இருக்கிறாள் என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் அந்தப் பயணம்.

திருக்கழுக்குன்றம் வரை வானத்தில் நட்சத்திரம் தெரிந்தது. தெருவுக்குத் தெரு பழைய பாயும் துடைப்பமும் எரிந்துகொண்டிருந்தன. பிள்ளைகள் போகி மேளத்தை இடைவிடாமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ டயரும் போட்டிருந்தார்கள், தொண்டை கரித்தது. ஊர் முடிந்து வயல் தொடங்கிய இடத்தில் பனி எங்களை எடுத்துக்கொண்டது. போகிப் புகையும் சேர்ந்ததால் அன்றைக்கு அது வெள்ளையாக இல்லை, பழைய வேட்டி மாதிரி மங்கலாக இருந்தது.

"விளக்க இன்னும் கொஞ்சம் தூக்குங்களேன்," என்றார் சார்.

பதில் சொல்வதைவிடக் காட்டுவது எனக்கு எளிது. விளக்கை உயர்த்தினேன். சாலை மறைந்து கண்ணெதிரே ஒரு வெள்ளைத் திரை எழுந்தது. தாழ்த்தினேன். பத்தடி சாலை திரும்பக் கிடைத்தது.

"அடேயப்பா, கூட்டினா குறையுது!" என்றார் அவர். மறுபடியும் ஒரு முறை செய்யச் சொல்லிப் பார்த்தார். பனித்துளி ஒவ்வொன்றும் ஒளியை நம் மேலேயே திருப்பி எறிகிறது என்றார். நான் சும்மா இருக்க முடியாமல், ஏரிக்குப் பக்கத்தில் பனி ஏன் அதிகம் என்று கேட்டேன். ராத்திரியில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், தண்ணீர் குளிர நேரமாகும், தண்ணீரில் இருந்து எழும் ஆவி குளிர்ந்த நிலத்தின் மேல் வரும்போது பனியாகிறது என்றார். காற்று வீசினால் நிற்காது, கடலோரத்தில் காற்று ஓய்வதில்லை. அப்படியானால் ஏரி மூச்சு விடுகிறது என்று லாரிக்காரர் சொன்னதும் சரிதானே சார் என்றேன். யோசித்து, "சரிதான்," என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மீன்காரரின் உப்பைப் பற்றிச் சொல்லவில்லை. அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"பேசிக்கிட்டே ஓட்டாதீங்க," என்றார் பின்னால் இருந்து அம்மா. சால்வையை மூக்கு வரை இழுத்திருந்தார்.

செங்கல்பட்டைத் தாண்டிப் பெரிய சாலையில் ஏறினோம். அப்போது அது இருவழிச் சாலை, நடுவில் தடுப்பு கிடையாது. பாலாற்றுப் பாலத்தில் கைப்பிடிச் சுவரின் வெள்ளையடித்த ஓரம் மட்டும் தெரிந்தது. பாலம் முடிந்த பிறகு எங்களுக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு முளைத்தது. நெல் மூட்டை ஏற்றிய லாரி. இரண்டு பின்விளக்கில் ஒன்று எரியவில்லை. மற்றது மட்டும், சாமி அறையில் எரியும் சின்ன பல்பு போல நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

பனியில் ஒரு பின்விளக்கு கிடைத்தால் வருகிற நிம்மதி இருக்கிறதே, அதை ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும். தோள் இறங்கும். பல் கடிப்பது நிற்கும். சாலையைத் தேடுகிற வேலையை முன்னால் போகிறவன் ஏற்றுக்கொண்டான் என்று மனம் நினைத்துவிடும்.

"தம்பி, அந்த விளக்க விட்ராதீங்க," என்றார் அம்மா.

விடவில்லை. அது வளைந்தால் வளைந்தேன். வேகம் குறைந்தால் குறைத்தேன். எனக்குப் பின்னால் இரண்டு பெரிய விளக்குகள் வந்து ஒட்டிக்கொண்டன. என்னைப் பிடித்துக்கொண்டு யாரோ வருகிறார்கள் என்பது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நல்ல தூரம் அப்படியே போனோம். பிறகு சிவப்பு விளக்கு இடது பக்கம் வளைந்தது. வளைந்தேன். டயருக்கு அடியில் சத்தம் மாறியது. தாரின் கரகரப்பு போய் வழவழவென்று ஓடியது. வேகவைத்த நெல்லின் வாசனை மூக்கில் ஏறியது. லாரி நின்றது. நானும் நின்றேன். பின்னால் பெரிய பிரேக் சத்தத்தோடு ஒரு பஸ் நின்றது.

நெல் மில்லின் உலர்த்தும் களத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

அரிக்கேன் விளக்கோடு காவல்காரர் ஓடிவந்தார். முதலில் லாரியைப் பார்த்தார், பிறகு கரும்பு கட்டிய என் காரை, பிறகு பயணிகளோடு நின்ற பஸ்ஸை.

"இன்னாய்யா இது! ஒரு லோடு நெல்லு வருதுன்னுதானே சொன்னாங்கோ. கல்யாணக் காரு, பஸ்ஸு எல்லாம் வந்துகினு கீது!"

பஸ் டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார். "யோவ் அம்பாசடரு, நீ ரோட்ல போறேன்னு உன் பின்னாடி வந்தா இங்க இட்டாந்து வுட்டுட்டியே!"

"நான் லாரி பின்னாடி வந்தேன்ணே," என்றேன்.

லாரிக்காரர் கதவைத் திறந்து இறங்கினார். "நான் கரெக்டாதான்பா வந்துகிறேன். எங்க மில்லு இது. உங்கள யாரு வெத்தல பாக்கு வெச்சிக் கூப்டது?"

அதற்குள் பஸ் கண்டக்டர் படியில் நின்று குரல் கொடுத்தார். "நெல்லு மில்லு ஸ்டாப்பிங், நெல்லு மில்லு எல்லாம் எறங்கு!" தூக்கக் கலக்கத்தில் ஒரு பெரியவர் நிஜமாகவே மூட்டையோடு இறங்கிவிட்டார். அவரைத் திரும்ப ஏற்றினார்கள். பஸ் முழுக்கச் சிரித்தது. சார் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார்.

கடைசியாக வந்த பஸ்தான் முதலில் வெளியேற வேண்டும். பாய்லர் ஆவியும் சேர்ந்து களம் முழுக்க வெள்ளை. கண்டக்டர் விசிலடித்து விசிலடித்து, பஸ்ஸை அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தார்கள். நாங்கள் மீண்டும் சாலைக்கு வந்தபோது வானம் வெளுத்துவிட்டது. ஆனால் விடிந்தால் பனியில் பார்வை கூடும் என்பதும் இல்லை. கருப்பாக இருந்த மூட்டம் பால் நிறம் ஆகும், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எந்தப் பின்விளக்கையும் நான் நம்பவில்லை. பின்விளக்கு அதன் வீட்டுக்குப் போகிறது, நம் வீட்டுக்கு இல்லை. இடது ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். சாலையோரப் புளியமரங்களில் நெடுஞ்சாலைக்காரர்கள் அடித்திருந்த வெள்ளைப் பட்டை ஒன்று மறைவதற்குள் அடுத்தது தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் மட்டும் போனேன்.

"கொஞ்சம் விரட்டிப் போகலாமா தம்பி?" என்றார் அம்மா.

அதே வேகத்தில் போனேன். சார்தான் சொன்னார்: "அவரு கண்ணுக்குத் தெரியுத தூரத்துக்குள்ள நிறுத்த முடியணும். அதான் வேகம். அதுக்கு மேல கேக்காத."

அம்மா மறுபடி கேட்கவில்லை. ஆனால் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பெரிய சாலையை விட்டு ஏரிக்கரைச் சாலையில் திரும்பும்போது மணி ஏழரையைத் தாண்டிவிட்டது.

ஏரி கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் வலது பக்கம் சத்தம் எதுவும் திரும்பி வராததால் அங்கே தண்ணீர் இருப்பது தெரிந்தது. அந்த வருடம் ஏரி நிறைந்திருந்தது. ஊருக்குள் போகிற தெரு இந்தச் சாலையில் இடது பக்கம் பிரியும், அதைத் தவறவிட்டால் சாலை சட்டென்று கரையோடு வளையும், வளைவில் தடுப்பு கிடையாது என்று சார் சொல்லியிருந்தார்.

"நிறுத்துங்க," என்றார் அம்மா திடீரென்று. "ஊருக்கு முன்னாலயே ஓரமா நிறுத்துங்க. ஒம்பது மணிக்குப் பொறவு போவோம்."

"இவ்வளவு தூரம் வந்துட்டு தெருவுல உக்காரணுமா?" என்றார் சார்.

"ராகுகாலத்துல சீரு தூக்கிட்டு உள்ள போனாலும் பேச்சு. சீர வெளிய வச்சிட்டு வெறுங்கையோட உள்ள போனாலும் பேச்சு. யாரும் பாக்காத வரைக்கும் நாம இன்னும் வரவே இல்ல. தம்பி, விளக்க அணைங்க. சத்தங் காட்டாதீங்க."

சத்தம் காட்டாமல் இருப்பது எனக்குச் சொல்லித்தர வேண்டிய காரியமா? சாலையை விட்டு முழுதாக இறக்கி, மண்ணில் ஒரு மரத்துக்கு அடியில் நிறுத்தினேன். பனியில் நிற்பதானால் சக்கரம் ஒன்றுகூடச் சாலையில் இருக்கக் கூடாது, விளக்கும் எரியக் கூடாது. எரிந்தால் அதை நம்பி இன்னொருவன் வந்துவிடுவான். மில்லில் கற்ற புத்தி. என்ஜினை அணைத்தேன்.

என்ஜின் நின்றதும் காது ஒரு கதவைத் திறந்துகொண்டது போல இருந்தது. கேரியர் கரும்புத் தோகையில் இருந்து சொட்டும் நீர். ஏரியில் ஏதோ பறவை தண்ணீரைச் சிறகால் அடிக்கிறது. தூரத்தில் ஊருக்குள் போகி மேளம், ஓயாமல். அதற்கு நடுவே இன்னொன்று. தகரத்தில் இரும்பு படும் சத்தம். டங், டங், டங். பிறகு ஒன்றும் இல்லை. மறுபடி டங், டங், டங்.

நான் தலையை வெளியே நீட்டினேன்.

"என்ன கேக்கீங்க?" என்றார் சார்.

"அந்தத் தகரம் சார். மூணு அடிக்கிது, நிக்கிது."

"போகி மேளம்தான," என்றார் அம்மா.

"மேளம் அடிக்கிற புள்ளைங்க நிறுத்தாதும்மா. இது நிறுத்துது."

சாரும் காது கொடுத்தார். மூன்று. இடைவெளி. மூன்று. இடைவெளி எப்போதும் அதே நீளம். "கை வலிக்கும், ஓய்வு எடுக்காங்க," என்றார். பிறகு அவரே, "மூணு அடிக்கவா கை வலிக்கும்?" என்றார். எங்கள் இருவருக்கும் அது என்னவென்று தெரிந்தாக வேண்டும் போல இருந்தது. கோயில் மணியா, கொல்லன் பட்டறையா என்று மெதுவாகப் பேசிக்கொண்டோம். போகியன்று எந்தப் பட்டறை திறந்திருக்கும்? அம்மா பானையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

இப்படி வெகு நேரம் போனது. பிறகு ஏரிப்பக்கம் இருந்த காற்று லேசாகத் திரும்பியிருக்க வேண்டும். தகரம் நின்ற ஓர் இடைவெளியில், பக்கத்திலேயே பேசுவது போல இரண்டு பெண்களின் குரல் கேட்டது. முதலில் கட்டைத் தொண்டை.

"போதும் நிறுத்துடி. கை செவந்துகீது பாரு. இங்க குடு, நான் அடிக்கிறேன்."

"இருங்கத்த. பேசாதீங்க, கேக்கணும்." கொஞ்சம் மௌனம். "ஒண்ணும் கேக்கலத்த. ஒரு ஆரன்கூட கேக்கல."

அம்மா முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "ஏங்க. நம்ம பிள்ள."

சார் விரலை உதட்டில் வைத்தார்.

"வருவாங்கோ," என்றது கட்டைத் தொண்டை. "உங்கம்மா ராகுகாலம் பாக்கற மனுசி. ஏழரைக்குள்ள உள்ள பூந்துரணும்னு டிரைவர வெரட்டிகினு வரும். அதான் எனக்கு பயமா கீது. ராகுகாலம் தானா ஓடிப்பூடும். ஏரி ஓடிப்பூடுமா?"

"எங்கம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க."

"சொன்னா இன்னாடி பண்ணுவ?"

"உங்க வெத்தலப் பெட்டிய இன்னைக்கு போகில போட்ருவேன்."

"அடியம்மா! கல்யாணத்தன்னைக்கு இதுக்கு வாயே இல்லன்னு நெனச்சேனே. அடி, நல்லா ஓங்கி அடி. உங்க மாமன் லாரி எடுத்துகினு போற காலத்துல பனி எறங்கிச்சின்னா இந்த முக்குல நின்னு இப்பிடித்தான் அடிப்பேன். அந்தாண்டயிருந்து ஆரன் கேட்டாத்தான் வூட்டுக்குப் போயி அடுப்பு மூட்டுவேன்."

டங், டங், டங். இடைவெளி. அந்த இடைவெளி எதற்கென்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. சாருக்கும் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

பெண்ணின் குரல் மறுபடி வந்தபோது வேறு மாதிரி இருந்தது. "இவ்ளோ நேரம் ஆகாதுத்த. எப்பவோ வந்திருக்கணும். எங்கயாவது..."

"வாய மூடு. அதச் சொல்லாத." கட்டைத் தொண்டையும் இப்போது அவ்வளவு கட்டையாக இல்லை. "தகரத்தக் குடு எங்கிட்ட."

அதன் பிறகு அடித்த அடியில் இடைவெளி குறைந்துபோயிருந்தது.

பின் சீட்டைத் திரும்பிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். அம்மா சால்வையை முகத்தில் இருந்து இறக்கியிருந்தார்.

"தம்பி," என்றார். "ஆரன அடிங்க."

கையை வைத்தேன். அழுத்தினேன். பல நாள் தொடாத ஹாரன், ராத்திரி ஈரம் வேறு இறங்கியிருந்தது. சளி பிடித்த ஆடு போல ஒரு முறை கமறியது.

"பலமா," என்றார் அம்மா.

மறுபடி அழுத்தினேன், கையை எடுக்காமல். எங்கிருந்தோ தொண்டையைக் கண்டுபிடித்துக்கொண்டு அது ஏரி முழுக்கக் கேட்கும்படி அலறியது. பறவைகள் எழும்பின. நான் இருக்கிறேன், இங்கே இருக்கிறேன் என்று அவ்வளவு சத்தமாக நான் யாருக்கும் சொன்னதில்லை.

கையை எடுத்ததும் உலகமே நின்றது போல ஓர் அமைதி. பிறகு தகரம் கிளம்பியது. மூன்று இல்லை, முப்பது. போகிப் பிள்ளைகளைப் போல நிறுத்தாமல்.

"யாருப்பா அது! எங்க கீறீங்கோ?"

"நாங்கதான் சம்மந்தி!" என்று சார் கத்தினார்.

"ஐயோ, அங்கியேவா! மெதுவா வாங்கோ. வலது கைப்பக்கம் வந்துடாதீங்கோ. தகரத்தப் பாத்து வாங்கோ!"

தகரத்தைப் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். விளக்கைத் தாழ்த்தி, தகரச் சத்தம் இடது காதிலேயே இருக்கும்படி வண்டியை உருட்டினேன். ஒரு தெருவின் நீளம்கூட இருக்காது. பனிக்குள் இருந்து முதலில் ஒரு வேப்பமரம் வந்தது, பிறகு அதில் தொங்கிய எண்ணெய்த் தகரம், பிறகு கையில் இரும்புக் கம்பியோடு தலையில் துண்டு கட்டிய ஒரு பெரிய உருவம், அதன் பக்கத்தில் அவள். வண்டி நிற்பதற்குள் அம்மா கதவைத் திறந்துவிட்டார். மகளின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். சிவந்து கன்றியிருந்தது. அந்தக் கையை விடவில்லை.

"எப்ப வந்தீங்கோ? ஆரன் பக்கத்துல கேட்டுச்சே," என்றார் மாமியார்.

"இப்பத்தான்..." என்று சார் ஆரம்பித்தார்.

"இல்ல மதினி," என்றார் அம்மா. "வந்து ரொம்ப நேரமாச்சு. ராகுகாலம்னு அங்கன மறஞ்சு உக்காந்திருந்தோம்."

மாமியார் கம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "அங்க குந்திகினு இருந்தீங்களா? நான் இங்க கையி ஓய ஓய தகரத்த அடிச்சிகினு கீறேன், இந்தப் பொண்ணு அழுவுது, நீங்கோ அங்க நல்ல நேரம் பாத்துகினு இருந்தீங்களா?"

முதலில் சிரித்தது அம்மாதான். சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. அது சிரிப்புதானா என்று மகள் குனிந்து பார்த்தாள், பிறகு அவளும் சேர்ந்துகொண்டாள். மூன்று வீட்டுக்குக் கேட்கிற சிரிப்பு.

"சரி வாங்கோ," என்றார் மாமியார். "சீரு வண்டியிலயே கெடக்கட்டும். ஒம்போது அடிச்சா எறக்கலாம். காபிக்கு ராகுகாலம் கெடையாது." என் பக்கம் திரும்பினார். "நைனா, உன் ஆரனுக்கு இன்னா சளியா? வண்டிக்கு மொதல்ல கசாயம் வெச்சிக் குடு."

காபி குடித்தபோது அந்த இடைவெளியைப் பற்றி அவரிடமே கேட்டேன். அறியாத வீட்டில் நானாக வாயைத் திறந்து கேட்டது எனக்கே ஆச்சரியம்.

"கேக்கறதுக்குதான்பா," என்றார். "நாமளே அடிச்சிகினு இருந்தா அவன் அடிக்கிறது எப்பிடி காதுல வுழும்?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "உன்ன மாரி அடிக்காதவன் வந்தா இன்னா பண்றதுன்னு அப்ப தோணல," என்றார்.

ஒன்பது மணிக்குச் சீர் உள்ளே போனது. பானையை மகள் தூக்கினாள், கரும்பை மாமியார் தோளில் போட்டுக்கொண்டார். அதற்குள் பனி விலகிவிட்டது. நான் தெருமுனைக்கு நடந்து போய்ப் பார்த்தேன். நாங்கள் ஒளிந்திருந்த மரம் அங்கேயே, வேப்பமரத்தில் இருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், எல்லோருக்கும் தெரிகிற வெளியில் நின்றுகொண்டிருந்தது. திருப்பத்துக்கு அப்பால் சாலை வளைந்த இடத்தில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. மேலே கொக்குகள். தகரம் ஒரு பக்கம் முழுக்க உள்வாங்கி நசுங்கியிருந்தது. எத்தனை வருடத்து அடி என்று தெரியவில்லை.

மத்தியானம் திரும்பினோம். பெண் தெருமுனை வரை வந்து வழியனுப்பினாள். நல்ல வெயில். சாலை இரண்டு பக்கமும் தெளிவாகத் தெரிந்தது, எதிரில் ஒரு மாடுகூட இல்லை. காலையில் ஒளிந்திருந்த மரத்தருகே வந்ததும் வண்டியை ஓரமாக இறக்கி நிறுத்தினேன். பின்னால் அம்மா ஜன்னலை இறக்கிவிட்டார்.

ஹாரனை மூன்று முறை அடித்தேன். கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

வேப்பமரத்துப் பக்கம் இருந்து தகரம் பதில் சொன்னது.